லண்டன் செத்தவீட்டுக் கணக்கு

1854 நவம்பரில் லண்டன் வாட்டர்லூவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு புது ரயில் புறப்பட்டது. போகுமிடம் சர்ரேயில் உள்ள புரூக்வுட், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம். அதில் ஏறியவர்கள் உறவைப் பறிகொடுத்தவர்கள்; கூடவே சவப்பெட்டிகள். காலராவும் நெரிசலும் சேர்ந்து நகரத்துத் தேவாலய வளாகங்களில் இனி ஒரு குழி தோண்ட இடமில்லை என்றாகிவிட்ட காலம் அது. ஊருக்கு வெளியே பெரிய இடுகாடு ஒன்றை அமைத்த லண்டன் நெக்ரோபோலிஸ் கம்பெனி, அங்கே போய்வர இந்த ரயிலை விட்டது. ஆட்களுக்குப் போகவரச் சீட்டு, பெட்டிக்குப் போக மட்டும். அந்த ஒருவழிச் சீட்டிலும் மூன்று வகுப்புகள் இருந்தன. முதல் வகுப்பு 1 பவுண்டு, இரண்டாம் வகுப்பு 5 ஷில்லிங், மூன்றாம் வகுப்பு இரண்டரை ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்ற அன்றைய கணக்கில், மேல் வகுப்புக்கும் கீழ் வகுப்புக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். ரயில் ஒன்றுதான், இறங்குகிற ஊரும் ஒன்றுதான்.

ஆனால் எந்த வகுப்புக்கு எவ்வளவு என்பது சீட்டு எடுக்கும் முன்பே தெரிந்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மன் குண்டுவீச்சில் நிலையம் சிதைந்ததோடு அந்த ரயில் நின்றுபோனது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், லண்டனில் ஒரு சாவு விழுந்தால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது, ஃபியூனரல் டைரக்டரின் மேசைக்கு எதிரே அழுத கண்ணோடு உட்கார்ந்த பிறகே பல குடும்பங்களுக்குத் தெரிய வந்தது.

தொகை சின்னதல்ல. சன்லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் பிரிட்டனின் இறுதிச் சடங்குச் செலவை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. 2004-ல் ஓர் எளிய இறுதிச் சடங்குக்கு சராசரியாக 1,835 பவுண்டு. 2024-ல் அதுவே 4,285 பவுண்டு. இது நாடு முழுவதற்குமான சராசரி. லண்டனில் 5,000 பவுண்டைத் தாண்டிவிடுகிறது. பூ, சாப்பாடு, மண்டபம், அறிவித்தல், நினைவுக் கல் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

இதை அரசு தரப்பில் உரக்கச் சொன்னது, சி.எம்.ஏ. எனப்படும் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம். 2018-ல் அது இந்தத் தொழிலைத் துருவிப் பார்த்தது. இறுதிச் சடங்கின் அத்தியாவசியச் செலவுகள் பத்தே ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறியிருந்தன. பொதுவான விலையேற்றத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு சாவுச் செலவு, ஓராண்டில் அவர்கள் செலவழிக்கும் மொத்தத் தொகையில் 40 சதவீதத்தை நெருங்கக்கூடும் என்றும் அது கணக்கிட்டது. அந்த வீடு சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் மின்சாரம், எரிவாயுவுக்கும் ஓராண்டு முழுக்கக் கொடுப்பதைக் கூட்டினாலும் அவ்வளவு வராது.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. தங்கள் பகுதியிலேயே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுப் பார்க்கிற குடும்பம் 1,000 பவுண்டுக்கு மேல் மிச்சப்படுத்தலாம். ஆனால் பெரும்பாலானோர் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை என்பது தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. துக்கம் ஒரு பக்கம், அவசரம் மறுபக்கம். இரண்டையும்விடப் பெரியது கூச்சம். “அப்பாவுக்குச் செய்யிற கடைசிக் காரியம். இதிலயும் காசு பாக்கிறதே?” என்று யாராவது ஒரு பெரியப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு சொந்தக்காரருக்குச் செய்த கம்பெனியின் பெயர் தெரியும், அங்கேயே போன் போகும். டூட்டிங், ஈஸ்ட் ஹாம், ஹாரோ, குரொய்டன் என்று லண்டன் தமிழர் அடர்ந்து வாழும் இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பழகிய இடத்தில் ஒரு நிம்மதி உண்டு என்பது உண்மை. சைவக் கிரியை தெரிந்த, பெட்டியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத ஆள் கிடைப்பது சிறிய விஷயமில்லை. அந்த நிம்மதிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுப்பதில் தவறு கிடையாது.

2021 முதல் அதைத் தெரிந்துகொள்ளச் சட்டமே வழி திறந்திருக்கிறது. சி.எம்.ஏ. பிறப்பித்த ஆணைப்படி, 2021 செப்டம்பர் 16 முதல் ஒவ்வொரு ஃபியூனரல் டைரக்டரும் ஒரே மாதிரி வடிவில் அமைந்த விலைப்பட்டியலைக் கடையில் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும். இணையதளம் இருந்தால் அதிலும் போட்டாக வேண்டும். ஒரே வடிவம் என்பதில்தான் இதன் பயன் இருக்கிறது. இரண்டு கடைகளின் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்க்கலாம்.

அந்தத் தாளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது. மேலே முதல் எண், உறவினர் கூடி நடத்தும் சடங்குக்கு ஃபியூனரல் டைரக்டர் வாங்கும் மொத்தம். அதற்குக் கீழே அது எப்படிப் பிரிகிறது என்று வரும்: சட்டப்படியான பத்திர வேலைகள், உடலை எடுத்து வருவது, சடங்கு நாள்வரை குளிர்அறையில் வைத்துப் பராமரிப்பது, உறவினர் வந்து பார்ப்பது, பெட்டி, அமரர் ஊர்தி. அடுத்து, யாரும் கலந்துகொள்ளாத நேரடித் தகனத்துக்கான விலை. அதன்பின் வருகிற பகுதியைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். கட்டாயம் கட்ட வேண்டிய கட்டணங்கள் என்று தகனத்துக்கும் புதைப்புக்கும் தனித்தனி எண்கள் அங்கே இருக்கும். மேலே உள்ள முதல் எண்ணில் இவை சேர்ந்திருக்காது. முதல் எண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர் கையில் ரசீது வரும்போது திகைப்பது இதனால்தான். கிரிமட்டோரியக் கட்டணம் மட்டும் லண்டனில் 1,000 பவுண்டை ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது.

கடைசிப் பகுதி, கூடுதல் சேவைகள். வேலை நேரத்துக்கு வெளியே உடலை எடுத்து வருவது, மாலையிலோ வார இறுதியிலோ பார்வைக்கு வைப்பது, கூடுதல் தூரம், எம்பாமிங். தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சின்ன எழுத்துப் பகுதிதான் முக்கியம். ஒரு பேச்சுக்கு இரண்டு கடைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் 2,200 பவுண்டு, இரண்டாவதில் 2,500. முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் சாவு நடந்தது சனிக்கிழமை இரவு, வீட்டில். முதல் கடையில் இரவில் வந்து எடுக்க 250 பவுண்டு தனி. அடுத்த ஞாயிறு வெளியூர்ச் சொந்தங்கள் பார்ப்பதற்கு 150 தனி. இரண்டாவதில் இவை இரண்டும் உள்ளடக்கம். கணக்குப் புரண்டுவிடுகிறது. எந்தக் கடை மலிவு என்பது அந்தக் குடும்பம் எதைச் செய்யப் போகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் விலை கேட்கும் முன் வீட்டில் உட்கார்ந்து, எத்தனை நாள் பார்வை, மண்டபமா வீடா, எத்தனை கார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது உதவும்.

ஆஸ்பத்திரியில் நடந்த சாவென்றால் அன்றிரவே யாரையும் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. உடல் அங்குள்ள பிணவறையில் இருக்கும். ஒருநாள் மூச்சு விட்டு, நாலு இடத்தில் கேட்கலாம். ஒரு ஃபியூனரல் டைரக்டர் எடுத்துக்கொண்டு போன பிறகு மனம் மாறினால், அதுவரையான செலவுக்கு அவர் கணக்குக் கொடுப்பார், புதியவரும் தன் பங்கைக் கேட்பார். போன் பண்ணிக் கேட்கிற வேலையை மகனோ மகளோ செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மருமகனின் அண்ணனோ பக்கத்து வீட்டு ரீச்சரோ நிதானமாகக் கேட்பார்கள், கேட்டதை எழுதியும் வைப்பார்கள்.

கடைப் பெயர்ப்பலகையும் ஏமாற்றக்கூடியது. குடும்பப் பெயரும், நூறாண்டுப் பழைமையும் தங்க எழுத்தில் மின்னும் பல கடைகள் உண்மையில் பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தம். கோ-ஆப் ஃபியூனரல்கேர், டிக்னிட்டி ஆகிய இரண்டும் இந்தத் துறையின் பெரிய பெயர்கள். வாங்கிய கடைகளின் பழைய பெயரை மாற்றாமல் வைத்திருப்பது இந்தத் தொழிலில் வழக்கம். எதிரெதிரே இருக்கும் இரண்டு பெயர்களில் விலை கேட்டவர், ஒரே முதலாளியிடம் இருமுறை கேட்டிருக்கலாம். இதனால்தான் 2021 ஆணை, இறுதியில் உரிமையாளர் யார் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லச் செய்தது. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் போன்ற இடங்களுக்குக் காசு கொடுத்து வாடிக்கை பிடிப்பதையும் அதே ஆணை தடை செய்தது. இன்னொன்றையும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்: இங்கிலாந்தில் ஃபியூனரல் டைரக்டராகத் தொழில் நடத்த அரசு உரிமம் எதுவும் வேண்டாம். தொழில் சங்கங்கள் இருக்கின்றன, ஆனால் சேருவது அவரவர் விருப்பம்.

செய்தே ஆக வேண்டும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கும் பலவற்றுக்கும் சட்டத்தில் கட்டாயம் இல்லை. எம்பாமிங் கட்டாயமில்லை, உடலை இலங்கைக்கோ இந்தியாவுக்கோ விமானத்தில் கொண்டுபோவதென்றால் மட்டும் அது தேவைப்படும். கறுப்பு நிற அமரர் ஊர்தி கட்டாயமில்லை. பளபளக்கும் மரப்பெட்டி கட்டாயமில்லை. அட்டைப்பெட்டியை ஏற்கும் கிரிமட்டோரியங்கள் நிறைய உண்டு. ஃபியூனரல் டைரக்டரே கூடக் கட்டாயமில்லை, பத்திரங்களை முறையாகச் செய்து குடும்பமே எல்லாவற்றையும் நடத்தலாம். லண்டனின் வேலை வாழ்க்கையில் அப்படிச் செய்கிறவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் எது தேவை, எது விருப்பம் என்ற கோடு தெரிந்தால் மேசைக்கு எதிரே உட்கார்பவரின் குரலில் ஒரு தெளிவு வரும். மரணப் பதிவுக்குக் காசில்லை, சான்றிதழ்ப் பிரதிகளுக்குத்தான் காசு. தகனத்துக்கு டாக்டர் கையெழுத்திட வாங்கிவந்த 82 பவுண்டு 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி புதிய மருத்துவப் பரிசோதகர் முறை வந்ததோடு நீங்கிவிட்டது. எந்த ரசீதிலாவது அது எட்டிப் பார்த்தால் கேள்வி கேட்கலாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் சுடலைக்குப் போய்விடும். லண்டனில் இரண்டு, மூன்று வாரக் காத்திருப்பு சாதாரணம். பதிவு, பத்திரம், கிரிமட்டோரியத்தில் நேரம் கிடைப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும். அதிலும் நேரம் என்பதுதான் லண்டன் தகனத்தின் பெரிய செலவு. கிரிமட்டோரியம் ஒரு குடும்பத்துக்குத் தருவது பெரும்பாலும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். முன்னால் ஒரு குடும்பம் பக்கவாசல் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும், பின்னால் அடுத்த ஊர்தி வந்து நிற்கும்.

சைவக் கிரியை அந்த நேரத்துக்குள் அடங்காது. ஆகவே இரண்டு வழிகள் உருவாகியிருக்கின்றன. ஒன்று, இரண்டு நேரங்களைச் சேர்த்து வாங்குவது. கட்டணமும் அதற்கேற்ப ஏறும். மற்றது, காலையில் மண்டபத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிரிமட்டோரியத்துக்குத் தகனத்துக்கு மட்டும் போவது. வாடகை மண்டபத்தில் நடுவே பெட்டி திறந்திருக்கும். குருக்கள் கும்பம் வைத்திருப்பார். ஒரு மூலையில் உரலில் சுண்ணம் இடிக்க, பாட்டுத் தெரிந்த ஒருவர் திருப்பொற்சுண்ணம் பாடுவார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றி வருவார்கள். பிறகு வாய்க்கரிசி. வரிசை நீளும், ஃபியூனரல் டைரக்டரின் ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவருகே நிற்பார்கள். கிரிமட்டோரியத்தில் பெட்டி உள்ளே போன பிறகு, கொள்ளி வைக்க வேண்டிய மகனும் கூட ஓரிருவரும் உலைப் பக்கம் அழைத்துச் செல்லப்படுவார்கள். அங்கே கொள்ளிக்குப் பதில் ஒரு பொத்தான். எத்தனை பேர் உள்ளே வரலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பது கிரிமட்டோரியத்துக்குக் கிரிமட்டோரியம் மாறும். இந்த ஒரு கேள்வியைக் கடைசி நிமிடத்துக்கு விட்டுவிட்ட குடும்பங்கள் வாசலில் நின்று, யார் உள்ளே போவது என்று தவிக்க நேரிடுகிறது.

லண்டனின் முதல் கிரிமட்டோரியமான கோல்டர்ஸ் கிரீன் 1902-ல் திறக்கப்பட்டது. இன்று நகரின் எல்லாத் திசைகளிலும் கிரிமட்டோரியங்கள் இருக்கின்றன, சில மாநகர சபைகளுடையவை, சில தனியார் நிறுவனங்களுடையவை. ஃபியூனரல் டைரக்டர் சொல்வதுதான் என்று இல்லை, எங்கே தகனம் என்பதைக் குடும்பம் தேர்ந்தெடுக்கலாம். காலை ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தைப் பல இடங்களில் குறைந்த கட்டணத்துக்குத் தருகிறார்கள். மண்டபத்தில் கிரியை செய்யும் குடும்பத்துக்கு அந்த நேரம் ஒத்துவராது. வீட்டோடு சுருக்கமாகச் செய்துவிட்டு நேரே போகிறவர்களுக்கு அதில் சில நூறு பவுண்டு மிச்சமாகலாம்.

திறந்தவெளியில் சிதை மூட்டும் உரிமைக்காக நியூகாசிலைச் சேர்ந்த இந்து ஒருவர் வழக்காடினார். 2010 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சுவர்களும் திறந்த கூரையும் கொண்ட அமைப்பும் 1902-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் கட்டடமாக இருக்க முடியும் என்று அவருக்குச் சாதகமாகச் சொன்னது. ஆனால் லண்டன் குடும்பங்களின் கணக்கில் இன்னும் உலையும் பொத்தானும்தான்.

புதைப்பது என்றால் செலவு வேறு உயரத்துக்குப் போகிறது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதில் அகப்படுகின்றன. லண்டனில் மண் அரிது. கல்லறை வாங்குகிறோம் என்கிறோமே தவிர, வாங்குவது நிலத்தை அல்ல, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அங்கே புதைக்கும் உரிமையை. மாநகர சபைக் கல்லறைகளில் அது அதிகபட்சம் நூறாண்டு. பல இடங்களில் அதைவிடக் குறைவு. அந்தச் சபையின் எல்லைக்குள் குடியிருக்காதவர்களுக்குக் கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகும். கடைசிக் காலத்தில் அம்மாவை வேறு பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்கு மாற்றிய குடும்பங்கள், எந்த முகவரி கணக்கில் எடுக்கப்படும் என்பதை முதலில் கேட்க வேண்டும். சில சபைகள் அண்மையில் இடம் மாறியவர்களுக்குச் சலுகை தருகின்றன. இடப்பற்றாக்குறை எவ்வளவு என்றால், 75 ஆண்டுகளுக்கு மேல் பழைய கல்லறைகளை, உரியவர்கள் மறுக்காதபோது, மீண்டும் பயன்படுத்த லண்டன் சபைகளுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது.

மறுகோடியில் நேரடித் தகனம். சடங்கில்லை, உறவினர் இல்லை. நிறுவனமே நாள் குறித்து, தகனம் செய்து, சாம்பலைக் கொண்டுவந்து தரும். சராசரி 1,500, 1,600 பவுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்வரை அரிதாக இருந்தது, தொலைக்காட்சி விளம்பரங்களும் கொரோனாக் காலமும் சேர்ந்து இன்று பிரிட்டனில் ஐந்தில் ஒரு சாவு என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஆடம்பரமில்லாமல் போக வேண்டும் என்று தானே எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் விலையை மட்டும் பார்த்து இதை எடுக்கும் சைவக் குடும்பம், கடைசியாக முகம் பார்ப்பதும் மகன் கொள்ளி வைப்பதும் இதில் இல்லை என்பதை வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தகனம் வேறு ஊரில் நடக்கலாம், நேரம்கூடத் தெரியாமல் போகலாம். பின்னால் ஒரு தங்கை வந்து “என்னை ஏன் கேட்கேல்லை?” என்று கேட்டால் மிச்சம்பிடித்த 2,000 பவுண்டு அதற்குப் பதில் சொல்லாது.

முன்பணத் திட்டங்கள் தனிக்கதை. தன் சாவுக்குப் பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாது என்று மாதாமாதம் கட்டிவைத்த முதியவர்கள் பல்லாயிரம் பேர். 2022 மார்ச்சில் சேஃப் ஹாண்ட்ஸ் என்ற நிறுவனம் முடங்கியபோது சுமார் 46,000 பேரின் திட்டங்கள் கேள்விக்குறியாயின. அவர்கள் ஏமாளிகள் இல்லை, பொறுப்பானவர்கள். அந்தப் பொறுப்புக்குக் கிடைத்தது இதுதான் என்பது நெஞ்சை அறுக்கிறது. அதே ஆண்டு ஜூலை 29 முதல் இந்தத் திட்டங்கள் எஃப்.சி.ஏ. என்ற நிதி நடத்தை ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இப்போது சேருகிறவர், நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று ஆணையத்தின் பதிவேட்டில் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். எதெல்லாம் திட்டத்தில் அடங்கும் என்பதையும் பார்க்க வேண்டும், கிரிமட்டோரியக் கட்டணத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் தரும் திட்டங்கள் உண்டு; மீதி பிள்ளைகள் தலையில் விழும்.

கையெழுத்து என்று வரும்போது இன்னொன்று. ஃபியூனரல் டைரக்டரின் படிவத்தில் யார் கையெழுத்திடுகிறாரோ அவரே கடனாளி. இறந்தவரின் சொத்திலிருந்து இறுதிச் சடங்குச் செலவை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. சொத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் கையெழுத்திட்டவரிடம்தான் கேட்பார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பதால் இளைய மருமகளைக் கையெழுத்திட வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருப்பார்கள், எழுத்தில் இருப்பது அவள் பெயர் மட்டும். இறந்தவரின் வங்கிக் கணக்கில் பணம் இருந்தால், கணக்கு முடக்கப்பட்ட நிலையிலும், ரசீதைக் காட்டினால் பல வங்கிகள் ஃபியூனரல் டைரக்டருக்கு நேரே செலுத்திவிடுகின்றன. கையிலிருந்து போட்டுவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை.

யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவிகள் பெறுகிறவர் சடங்குக்குப் பொறுப்பேற்றால் அரசின் இறுதிச் சடங்கு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தகன அல்லது புதைப்புக் கட்டணமும், அதற்கு மேல் பிற செலவுக்கு 1,000 பவுண்டு வரையும் தருவார்கள். 700 பவுண்டாகப் பல ஆண்டு கிடந்த இந்த உச்சவரம்பு 2020-ல்தான் 1,000 ஆனது. லண்டன் விலைக்கு அது போதாது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சடங்கு முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், துக்கத்தில் நாள் ஓடிவிடுவதால் பலர் தவறவிடுகிறார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகன, புதைப்புக் கட்டணத்தை இங்கிலாந்தில் 2019 ஜூலை முதல் அரசே ஏற்கிறது, பெற்றோரின் வருமானத்தைக் கேட்பதில்லை. யாருமே செய்ய முன்வராத உடலை 1984-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி உள்ளூர்ச் சபை அடக்கம் அல்லது தகனம் செய்யும்.

இத்தனைக்கும் பிறகு, எந்த விலைப்பட்டியலிலும் வராத தமிழ்ச் செலவு ஒன்று இருக்கிறது. இணையத்திலும் வானொலியிலும் மரண அறிவித்தல். மண்டபம். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் சொந்தங்கள் பார்ப்பதற்கு நேரலை. குருக்கள், மாலைகள், கோச், தகனம் முடிந்து வருபவர்களுக்குச் சாப்பாடு. 31-ஆம் நாள் அந்தியேட்டி, அதற்கொரு மண்டபம், அங்கே கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம். அஸ்தியைக் கீரிமலையில் கரைக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தால் விமானச் சீட்டு. தேம்ஸ் நதியில் கரைக்க இங்கே தனி உரிமம் வேண்டியதில்லை. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்குள் கரைக்காமல், பிளாஸ்டிக் எதையும் விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்தச் செலவுகளைக் கூட்டினால் ஃபியூனரல் டைரக்டரின் ரசீதுக்குச் சமமாக வந்து நிற்பதும் உண்டு. இதில் எதை வைப்பது, எதை விடுவது என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. ஆனால் ஊரார் வாய்க்குப் பயந்து கடன் அட்டையைத் தேய்க்கிற வீடுகளைப் பார்க்கும்போது, அந்த ஊரார் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டால் என்ன என்றே தோன்றுகிறது.

லண்டனின் யூதர்களும் முஸ்லிம்களும் சாவுச் செலவைக் கூட்டாகக் கையாள்கிறார்கள். ஜெபாலயத்தோடு சேர்ந்த அடக்கச் சங்கங்களில் யூதக் குடும்பங்கள் வருடச் சந்தா கட்டுகின்றன. பள்ளிவாசல்களை ஒட்டி இயங்கும் ஜனாஸா சேவைகள் எளிய வெள்ளைத் துணியோடு விரைவாக முடித்துக் கொடுக்கின்றன. பணக்காரருக்கும் ஏழைக்கும் அங்கே சடங்கு ஏறத்தாழ ஒன்றே என்பதால் கூச்சத்துக்கே இடமில்லை. இலங்கைக் கிராமங்களில் மாதச் சந்தாவோடு இயங்கும் மரண உதவிச் சங்கங்களும் இதைத்தான் செய்தன, செய்கின்றன. லண்டனில் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் குறைவில்லை. ஹைகேட் முருகன் முதல் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் வரை கோயில்களுக்கும் குறைவில்லை. ஒரு கோயிலைச் சுற்றியுள்ள பத்து ஃபியூனரல் டைரக்டர்களின் விலைப்பட்டியலும் சட்டப்படி இன்று பொதுவில் இருக்கிறது. அவற்றைத் திரட்டி ஒரே தாளில் போட்டு, எந்தக் கிரிமட்டோரியத்தில் எத்தனை பேர் பொத்தான் வரை போகலாம், காலை நேரக் கட்டணம் எவ்வளவு, எந்த மண்டபத்தில் பந்தம் பிடிக்க அனுமதி உண்டு என்ற விவரங்களையும் சேர்த்து, கோயில் அலுவலகத்திலும் இணையதளத்திலும் வைக்க இரண்டு தொண்டர்கள் போதும். துடக்கு வீட்டார் 31 நாள் கோயிலுக்குப் போவதில்லை என்பதால் போனில் வாசித்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். விலைகள் மாறும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தத் தாளைத் திருத்த வேண்டியிருக்கும்.